தொகையும் விரியும்: பைத்தான் மொழியில் அமையும் சங்கிலித் திரட்டல் வினவல்களும் சங்க இலக்கியக் கணக்கீடும்

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் பாடல்களைத் தேடல் தரவுத்தளம் ஒன்றில் ஏற்றித் திணை, புலவர், அடியளவு முதலியவற்றை எண்ணிப் பெறுவது இன்று எளிதாகியுள்ளது. எலாஸ்டிக்சர்ச் தரவுத்தளத்திற்கெனப் பைத்தான் மொழியில் அமைந்த வினவல் நூலகம், பல அடுக்குத் திரட்டல்களை ஒரே தொடராகக் கோத்து எழுத இடந்தருகிறது. இச்சங்கிலி நடையின் சுருக்கமும் தெளிவும் பாராட்டத்தக்கவை. ஆயினும் அச்சுருக்கத்திற்குள் மூன்று செய்திகள் மறைந்து நிற்கின்றன: அடுத்த கண்ணி எதனோடு பிணைகிறது என்பது, எண்ணப்படும் அலகு எது என்பது, விடை எந்த எல்லையில் நிறுத்தப்படுகிறது என்பது. இலக்கண மரபின் தொகை, விரி என்னும் கருத்தாக்கங்களின் வழி இம்மறைவுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. விடை முன்னரே தெரிந்த அகநானூற்றை உரைகல்லாகக் கொள்கிறது. சங்கிலி வினவலால் பெற்ற எண்ணிக்கை, விரித்துக் காட்டப்பட்ட பின்னரே ஆய்வேட்டில் சான்றாக நிற்கத் தகும் என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: எலாஸ்டிக்சர்ச், பைத்தான், திரட்டல் வினவல், சங்கிலி நடை, தொகை, அகநானூறு, ஐங்குறுநூறு, ஒருங்குறி.

முன்னுரை

பழந்தமிழ் நூல்களை எண்ணி ஆராய்வது கணினியோடு வந்த வழக்கமன்று. பாடல் தொகை, அடியெல்லை, பாடினோர், தொகுத்தோர், தொகுப்பித்தோர் ஆகிய செய்திகளை எட்டுத்தொகை நூல்களோடு சேர்த்தே மரபு வழங்கி வந்துள்ளது. பதிப்பாசிரியர்கள் பாடினோர் அகராதியையும் அரும்பத அகராதியையும் நூலின் இறுதியில் இணைத்தனர். அச்சிட்ட அடைவுக்கு ஒரு நற்பண்பு உண்டு. ஒரு புலவரின் பெயருக்கு எதிரே பாடல் எண்கள் வரிசையாக நிற்கும். ஐயுறுவோர் ஒவ்வொன்றையும் புரட்டிச் சரிபார்க்கலாம்.

தேடல் தரவுத்தளத்தின் விடை அவ்வாறு நிற்பதில்லை. பெயரும் எண்ணும் மட்டுமே வந்து சேரும். அவ்வெண் எவ்வாறு பிறந்தது என்பதை வினவலே சொல்ல வேண்டும். வினவல் மூன்று நான்கு சொற்களாகச் சுருங்கி நிற்கும்போது, அதனைப் படிப்பவர் தாம் முழுவதும் விளங்கிக்கொண்டதாக எண்ணுவது இயல்பு. அவ்விளக்கம் எந்த அளவிற்கு உண்மை என்பதே இக்கட்டுரையின் வினா.

சங்கிலி நடையின் இயல்பு

ஒரு செயற்கூற்றின் விடைமேல் அடுத்த செயற்கூற்றைப் புள்ளியிட்டுத் தொடுத்துக்கொண்டே செல்லும் நிரல் நடைக்கு 2005ஆம் ஆண்டில் எரிக் எவன்ஸும் மார்ட்டின் ஃபவுலரும் சரளமான இடைமுகம் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். நிரலை ஒரு வாக்கியம்போல் படிக்க இயல வேண்டும் என்பது அந்நடையின் குறிக்கோள்.

எலாஸ்டிக்சர்ச், லூசீன் என்னும் தேடல் நூலகத்தின்மேல் எழுப்பப்பட்டு 2010இல் வெளிவந்தது. 2014இல் வெளியான அதன் 1.0 பதிப்பு, அதற்கு முன்பிருந்த ஃபேசட் என்னும் எளிய பகுப்புமுறையின் இடத்தில் திரட்டல் முறையைக் கொணர்ந்தது. திரட்டலின் சிறப்பு அதன் அடுக்குத்தன்மையில் உள்ளது. ஆவணங்களை இனம் பிரித்து இடும் கூறு பக்கெட் எனப்படும். ஓர் இனத்துள் சராசரி, பெருமம், சிறுமம், கூட்டுத்தொகை முதலியவற்றை அளக்கும் கூறு மெட்ரிக் எனப்படும். ஏனைத் திரட்டல்களின் விடைமேல் மீண்டும் கணக்கிடும் கூறு பைப்லைன் எனப்படும். ஒரு பக்கெட்டுக்குள் இன்னொரு பக்கெட்டும், அதனுள் மெட்ரிக்கும் அமையலாம்.

இவ்வினவல் தரவுத்தளத்திற்கு ஜேசன் வடிவில் செல்கிறது. மூன்று அடுக்குத் திரட்டலை ஜேசனில் எழுதினால் நெளிவு அடைப்புகள் ஒன்றனுள் ஒன்றாகப் பெருகி, எந்த அடைப்பு எங்கே முடிகிறது என்று கண்டறிவதே பெரும்பாடாகிவிடும். இவ்விடர்ப்பாட்டிற்குத் தீர்வாக ஹோன்சா கிரால் முதலானோர் உருவாக்கிய பைத்தான் வினவல் நூலகம் அமைந்தது. தொடக்கத்தில் தனித் தொகுப்பாக வழங்கிய அந்நூலகம் பின்னர் முதன்மைப் பைத்தான் தொகுப்போடு இணைக்கப்பட்டது. அதில் அகநானூற்றின் ஒவ்வொரு பகுப்பிலும் ஒவ்வொரு திணைக்கும் சராசரி அடியளவைக் கேட்கும் வினவலைத் தமிழ்ப் பெயரிட்டு எழுதினால் பின்வருமாறு அமையும்:

தேடல் . திரட்டல்கள் . பக்கெட்(பகுப்பு) . பக்கெட்(திணை) . மெட்ரிக்(சராசரி அடி)

ஜேசனில் இருபது வரியை எட்டக்கூடிய ஒன்று இங்கே ஒரு வரியில் அடங்கிவிட்டது. இடமிருந்து வலமாகப் படித்தால் பொருளும் விளங்குகிறது. பகுப்பாகப் பிரி, அதனுள் திணையாகப் பிரி, அதனுள் அடியின் சராசரியை அள என்பதே அப்பொருள். மொழிநடை என்னும் நோக்கில் இது வெற்றியே.

தொகைநிலையும் சங்கிலியும்

தொல்காப்பிய எச்சவியல் வேற்றுமைத்தொகை, உவமத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை என அறுவகைத் தொகைகளைக் கூறுகிறது. உருபு முதலியன மறைந்து சொற்கள் ஒன்றுபட்டு நிற்பது தொகை. மறைந்ததை வெளிப்படுத்திக் காட்டுவது விரி. பொற்குடம் என்பது பொன்னால் ஆகிய குடம் என விரியும். தொகையைக் கேட்போர் மறைந்த உருபைத் தாமே வருவித்துக்கொள்கின்றனர். வருவிப்பது தவறினால் பொருளும் தவறும். புலிகொல் யானை என்னும் தொடர் புலியைக் கொன்ற யானை எனவும், புலியால் கொல்லப்பட்ட யானை எனவும் விரிதற்கு இடந்தருவதை இலக்கண நூலார் எடுத்துக்காட்டுவர். கொன்றது எது, இறந்தது எது என்பதைத் தொடரின் வடிவம் கூறவில்லை; சூழலே கூறுகிறது.

சங்கிலி வினவலும் இத்தகைய தொகையே. அதன் கண்ணிகளுக்கிடையே நிற்கும் புள்ளி, வேற்றுமை உருபைப்போல ஓர் உறவைச் சுட்டுகிறது. அவ்வுறவு எத்தகையது என்பது வடிவில் தெரிவதில்லை. ஜேசன் வடிவமோ அதன் விரி. அதில் எதனுள் எது அடங்கியது என்பதை அடைப்புகளே காட்டிவிடுகின்றன. இவ்வொப்புமை அழகுக்காகக் கூறப்படுவதன்று. தொகையில் மறைந்தவற்றைப் பெயரிட்டு வகுத்துக் காணும் பயிற்சி தமிழாய்வாளரிடம் முன்னரே உள்ளது. அதனையே இங்குக் கருவியாகக் கொள்ளலாம்.

முதல் மறைவு: புள்ளியின் உறவு

இந்நூலகத்தில் பக்கெட் கண்ணி, தான் புதிதாக உருவாக்கிய பக்கெட்டையே திருப்பித் தருகிறது. ஆகவே அதன்மேல் தொடுக்கப்படும் அடுத்த கண்ணி ஓர் அடுக்கு உள்ளே இறங்குகிறது. மெட்ரிக் கண்ணியும் பைப்லைன் கண்ணியும் தம்மைத் தராமல், தாம் இணைந்த பக்கெட்டையே திருப்பித் தருகின்றன. ஆகவே அவற்றின்மேல் தொடுக்கப்படும் கண்ணி அதே அடுக்கில் நிற்கிறது. புள்ளி ஒன்றே, ஓரிடத்தில் அது ‘இதனுள்’ என்று விரிகிறது, மற்றோரிடத்தில் ‘இதனோடு’ என்று விரிகிறது.

இதன் விளைவு சிறிதன்று. ஆய்வாளர் ஒருவர் அகநானூற்றின் மூன்று பகுப்புகளிலும் திணையின் எண்ணிக்கையைத் தனியாகவும் புலவரின் எண்ணிக்கையைத் தனியாகவும் பெற விழைகிறார் எனக் கொள்க. பகுப்பு, திணை, புலவர் என மூன்று பக்கெட்டுகளை வரிசையாகத் தொடுத்தால் அவர்க்குக் கிடைப்பது வேறு. புலவர் பக்கெட் திணைக்குள் சென்று விழும். பாலையுள் எவர் எத்தனை, குறிஞ்சியுள் எவர் எத்தனை என்னும் விடையே வரும். கேட்டது உம்மைத்தொகை, கிடைத்தது வேற்றுமைத்தொகை. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. இரண்டையும் உடன்பிறப்பாக வைக்க வேண்டுமெனின், பகுப்பு பக்கெட்டை ஒரு மாறியில் இருத்தி, அதன்மேல் இருமுறை தனித்தனியே தொடுக்க வேண்டும். அதாவது, சங்கிலியை அறுத்தாக வேண்டும்.

மற்றொரு மறைவும் இதனோடு தொடர்புடையது. இந்நூலகத்தில் வினவலையும் வடிகட்டியையும் சேர்க்கும் கண்ணிகள் தேடலின் புதிய நகலைத் தருகின்றன, மூலத்தைத் தொடுவதில்லை. அந்நகலை மாறியில் ஏற்க மறந்தால் வடிகட்டி சுவடின்றி மறையும். திரட்டலோ இதற்கு மாறாக, இருக்கும் தேடலிலேயே பதிந்துவிடுகிறது, ஏற்காவிடினும் நிலைக்கிறது. ஒரே தொடரின் இரு உறுப்புகள் இரு வேறு இலக்கணத்திற்கு உட்பட்டு நிற்கின்றன. நூலகத்தின் கையேடு இவ்வேறுபாட்டை வெளிப்படையாகவே குறிப்பிட்டுள்ளது. ஆனால் எழுதப்பட்ட நிரலின் முகத்தில் அது தெரிவதில்லை.

கண்ணிகளின் வரிசையைச் செயலின் வரிசையாகக் கொள்வதும் பொருந்தாது. சென்று, கண்டு, வந்தான் என்னும் எச்ச அடுக்கு, நிகழ்ச்சிகளை நிகழ்ந்த முறையிலேயே வைக்கும். பாண்டாஸ் போன்ற பைத்தான் தரவு நூலகங்களின் சங்கிலியும் அவ்வாறே முன்னது முடிந்தபின் பின்னது நிகழுமாறு இயங்கும். திரட்டல் வினவலோ முழுவதும் ஒரே வேண்டுகோளாகத் திரண்ட பின்னரே தரவுத்தளத்திற்குச் செல்கிறது. திரட்டலுக்குப் பின்னர் எழுதிய வடிகட்டியும் திரட்டலுக்கு முன்னரே செயற்பட்டு ஆவணங்களைக் குறைத்துவிடும். பின்வடிகட்டி என்னும் வகை மட்டும் எங்கு எழுதினாலும் திரட்டலைத் தொடாது. காட்டப்படும் ஆவணங்களை மட்டுமே குறைக்கும். குறிஞ்சிப் பாடல்கள் மட்டும் கண்முன் தோன்ற, உடன்வரும் எண்ணிக்கையோ ஐந்திணைக்கும் உரியதாக இருக்கக்கூடும்.

இரண்டாம் மறைவு: எண்ணப்படும் அலகு

பக்கெட் தரும் எண் ஆவணங்களின் எண். ஆவணம் எது என்பதை முடிவு செய்தவர், தரவை ஏற்றியவர். ஒரு பாடலை ஓர் ஆவணமாக ஏற்றிய தரவில், ஒரு சொல்லுக்கு வரும் எண்ணிக்கை அச்சொல் இடம்பெற்ற பாடல்களின் எண்ணிக்கையே ஆகும். ஒரே பாடலில் அச்சொல் மும்முறை வந்தாலும் எண் ஒன்றே. இதனைச் சொல்லின் பயில்வெண் என்று ஆய்வேட்டில் எழுதினால், கூற்றும் சான்றும் பொருந்தாமற் போகின்றன.

ஒவ்வொரு சொல்லையும் ஓர் ஆவணமாக ஏற்றினால் பயில்வெண் கிடைக்கும். ஆனால் அப்போது பாடல் எண்ணிக்கை மறைந்துவிடும். பாடல் ஆவணத்துள் சொற்களை உள்ளமை ஆவணங்களாக வைத்து, முதலில் உள்ளே இறங்கும் பக்கெட்டையும் பின்னர் மேலே மீளும் பக்கெட்டையும் தொடுத்தால் இரண்டும் கிடைக்கும். சங்கிலி நடை தன் சிறப்பை முழுமையாகக் காட்டுமிடம் இதுவே. சொல்லின் அலகிலிருந்து பாடலின் அலகிற்கு மீள்வது தனிக் கண்ணியாக வெளிப்பட்டு நிற்பதால், அலகு மாற்றம் படிப்போர் கண்ணுக்குத் தெரிகிறது. மறைப்பது சங்கிலியின் பிறவிக்குணமன்று என்பதற்கு இது சான்று.

அலகின் அடையாளமும் ஆராயத்தக்கது. பெயர்களை முழுச்சொல்லாக வைத்துத் திரட்டும்போது தரவுத்தளம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை ஒப்பிடுவதில்லை, குறியெண்ணையே ஒப்பிடுகிறது. ஒருங்குறியில் ஓகார உயிர்மெய்யின் குறியை ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என இரு குறியெண்களாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஐங்குறுநூற்றின் மருதம் நூறும் ஓரம்போகியார் பாடியவை. அவர் பெயர் அறுபது பாடல்களில் ஒருவகையாகவும் நாற்பது பாடல்களில் மற்றொரு வகையாகவும் தட்டெழுதப்பட்டிருந்தால், விடையில் ஒரே பெயருடைய இரு புலவர்கள் தோன்றுவர். தரவை ஏற்றுமுன் ஒருங்குறி இயல்பாக்கம் செய்தால் இக்குறை நீங்கும். ஔவையார் பெயரிலோ இயல்பாக்கமும் போதாது. ஔ என்னும் எழுத்திற்குப் பதிலாக ஒ, ள என்னும் ஈரெழுத்தைத் தட்டெழுதுவோர் பலர். ஒருங்குறி அவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதில்லை. அவ்வையார் என்னும் வடிவமும் சேர்ந்தால் ஒருவர் மூவராவர். இதனைத் தீர்க்கப் பெயர்களின் நிலைப்பட்டியல் ஒன்றே வழி.

அகரவரிசையும் இவ்வாறே. பக்கெட்டுகளைப் பெயர்வரிசையில் கேட்டால் குறியெண் வரிசையே கிடைக்கும். அவ்வரிசையில் றன்னகரம் ரகரத்திற்கு முன் நிற்பதால் மன்றம் முன்னும் மரம் பின்னும் வரும். புள்ளியின் குறியெண் உயிர்மெய்களுக்குப் பின் நிற்பதால் அகம் முன்னும் அக்கா பின்னும் வரும். தமிழ் அகராதி மரபு இவ்விரண்டிற்கும் நேர்மாறானது.

மூன்றாம் மறைவு: எல்லை

பெயர்வாரியாகப் பிரிக்கும் பக்கெட், எல்லை குறிக்கப்படாதபோது மிகுதியான எண்ணிக்கையுடைய பத்துப் பெயர்களை மட்டுமே தரும். திணைகள் ஐந்து, ஆதலால் திணை வினவலுக்கு இவ்வெல்லை இடையூறு செய்வதில்லை. விடை சரியாக வந்த நம்பிக்கையில் அதே சங்கிலியில் திணையின் இடத்தில் புலவரை வைத்தால், நூற்றுக்கும் மேற்பட்ட புலவர்களுள் பதின்மரே வந்து நிற்பர். எஞ்சிய பாடல்களின் தொகையை விடையின் ஓரத்தில் தனி எண்ணாகத் தரவுத்தளம் தருகிறது. பைத்தானில் பக்கெட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து அட்டவணையாக்குவோர் அவ்வெண்ணைக் காண்பதே இல்லை. ஆசிரியர் பெயர்ப் புலம் வெறுமையாக உள்ள பாடல்கள் அவ்வெண்ணிலும் சேர்வதில்லை. அவற்றுக்கென ஒரு பெயரைத் தனியே குறித்தால் மட்டுமே அவை எண்ணப்படும்.

தரவு பல ஷார்டுகளாகப் பிரிந்திருக்கும்போது பிறிதோர் எல்லையும் சேர்கிறது. ஒவ்வொரு ஷார்டும் தன் முதன்மைப் பெயர்களை மட்டும் அனுப்ப, அவற்றைக் கூட்டியே விடை அமைகிறது. பத்துப் பெயர்கள் கேட்கப்பட்டால் ஒவ்வொரு ஷார்டும் இயல்பாக 25 பெயர்களை அனுப்பும். எல்லா ஷார்டுகளிலும் சிறிது சிறிதாகப் பரவி நிற்கும் பெயர் இவ்வாறு விடுபடலாம். வந்த பெயருக்கும் எண் குறையலாம். அப்பிழையின் உச்ச அளவையும் தரவுத்தளம் விடையோடு தருகிறது. 2019இல் வந்த 7ஆம் பதிப்புக்கு முன் ஓர் இண்டெக்ஸ் இயல்பாக ஐந்து ஷார்டுகளில் அமைந்தது. அதன்பின் ஒன்றில் அமைகிறது. ஆகவே ஒரே சங்கிலி, ஒரே தரவு, இரு பதிப்புகளில் இரு விடைகளைத் தரக்கூடும். அதே 7ஆம் பதிப்பு முதல், பொருந்திய ஆவணங்களின் மொத்த எண்ணும் 10,000 வரையே துல்லியமாக எண்ணப்படுகிறது. அதற்கு மேற்பட்டால் ‘10,000 அல்லது அதற்கு மேல்’ என்னும் குறிப்போடு நிற்கிறது. சொல்லை ஆவணமாக ஏற்றியவர் இக்குறிப்பைத் தவறவிட்டால், தம் தரவில் சரியாகப் பத்தாயிரம் சொற்கள் இருப்பதாக எழுதிவிடுவார். வேறுபட்ட பெயர்களின் எண்ணிக்கையைத் தரும் மெட்ரிக்கும் மதிப்பீட்டு முறையில் இயங்குவதே.

அகநானூறு என்னும் உரைகல்

இம்மறைவுகளைக் கண்டறிய விடை முன்னரே தெரிந்த ஒரு நூல் வேண்டும். அகநானூறு அதற்கு மிகப் பொருத்தமானது. 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண்ணுடையன யாவும் பாலை; 2, 8 என முடிவன குறிஞ்சி; 4 என முடிவன முல்லை; 6 என முடிவன மருதம்; 10, 20 எனப் பத்தின் மடங்காவன நெய்தல். ஆகவே பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் நாற்பது நாற்பது. களிற்றியானை நிரை 1 முதல் 120 வரையும், மணிமிடை பவளம் 121 முதல் 300 வரையும், நித்திலக்கோவை 301 முதல் 400 வரையும் அமைந்தவை.

பகுப்பு, திணை என இரு பக்கெட்டுகளைத் தொடுத்தால் களிற்றியானை நிரையில் பாலை 60, குறிஞ்சி 24, ஏனையவை 12 வீதம் வர வேண்டும். மணிமிடை பவளத்தில் 90, 36, 18 வீதமும், நித்திலக்கோவையில் 50, 20, 10 வீதமும் வர வேண்டும். இப்பதினைந்து எண்களுள் ஒன்று பிறழினும் பிழை தரவிலோ சங்கிலியிலோ உள்ளது என்பது உறுதி. கடவுள் வாழ்த்தும் ஓர் ஆவணமாக ஏறியிருந்தால் மொத்தம் 401 ஆகும். அதற்குத் திணை குறிக்கப்படாவிடின் பக்கெட்டுகளின் கூட்டுத்தொகை 400ஆகவே நிற்கும். அவ்வொரு வேறுபாடே வெறுமைப் புலத்தின் செயலை ஆய்வாளர்க்குக் கற்பித்துவிடும்.

சராசரிக்கும் இந்நூல் நல்ல சோதனை. அகநானூற்றுப் பாடல்கள் 13 முதல் 31 வரை அடியளவு உடையவை. பாலையின் சராசரி 18 அடி, ஏனைய நான்கின் சராசரி 14 அடி என ஒரு கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். நூல் முழுமைக்கும் மெட்ரிக் தரும் சராசரி 16. திணைதோறும் பெற்ற சராசரிகளைப் பைப்லைன் கண்ணியால் மீண்டும் சராசரியாக்கினால் வருவது 14.8. இரண்டும் சரியான கணக்குகளே. முன்னது பாடலுக்குச் சம மதிப்புத் தருகிறது. பின்னது திணைக்குச் சம மதிப்புத் தருகிறது. சங்கிலியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே தோற்றமுடையவை. ஆய்வேட்டிலும் இரண்டும் சராசரி அடியளவு என்னும் ஒரே பெயரால் வழங்கப்படும்.

தொகுத்தோர் முன்பே செய்த திரட்டல்

வினவல் பிழையின்றி அமைந்தாலும் ஒரு வினா எஞ்சுகிறது. அகநானூற்றில் சரிபாதி பாலை என்னும் விடையை எதற்குச் சான்றாகக் கொள்வது? பாலை பாடுவதில் புலவர்க்கு இருந்த பெருவிருப்பைக் காட்டுவதாக அதனைக் கொள்ள இயலாது. பாடல்களைத் தெரிந்தெடுத்து எண் வகுத்தவர் உருத்திரசன்மனார். பாதி பாலையாதல் அவரது தொகுப்பு விதி. தரவுத்தளத்தில் திணைப் புலமே இல்லாவிடினும், பாடல் எண்ணின் இறுதி இலக்கத்தைக் கொண்டே அதே விடையைப் பெற்றுவிடலாம். விடை பாடலிலிருந்து வரவில்லை, வரிசை எண்ணிலிருந்து வருகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஐங்குறுநூறு திணைக்கு நூறாக ஐந்து புலவர் பாடிய நூல். அதில் ஐந்திணையும் சமமாக நிற்பதும் நூலமைப்பின் விதியே. இவ்விரு நூல்களையும் ஒரே இண்டெக்ஸில் சேர்த்துத் திரட்டினால் பாலை 300, குறிஞ்சி 180, முல்லை 140, மருதம் 140, நெய்தல் 140 என 900 பாடல்களுக்கு விடை வரும். பாலை மூன்றில் ஒரு பங்கு என்னும் அழகிய வரைபடமும் வரையலாம். அவ்விகிதம் இரு தொகுப்பு விதிகளின் கூட்டு விளைவேயன்றிப் பிறிதொன்றன்று. ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் 129, 130 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. அவற்றுக்கு வெறுமையான ஆவணங்களை ஏற்றிய தரவில் நெய்தல் 140. ஏற்றாத தரவில் 138. எது சரி என்பது ஆய்வாளர் கேட்கும் வினாவைப் பொறுத்தது. நூலின் திட்டத்தை ஆராய்வோர்க்கு 140. கிடைக்கும் பாடல்களை ஆராய்வோர்க்கு 138.

புலவர் பெயரும் இத்தகையதே. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் முதலிய பெயர்கள் அவ்வப் பாடலின் தொடரால் அமைந்தவை. அவற்றை ஏனைப் புலவர் பெயர்களோடு ஒரே பக்கெட்டில் இட்டுப் புலவரின் தொகையைக் கூறும்போது, பெயர் அறியப்பட்டவரும் பெயர் அறியப்படாமையால் பெயர் பெற்றவரும் ஒன்றாக எண்ணப்படுகின்றனர். இதனைத் திருத்தும் பொறுப்பு எந்த நூலகத்திற்கும் இல்லை. இது திறனாய்வாளரின் பணி.

மறுப்பும் விடையும்

சங்கிலி நடையின்மேல் இக்குறைகளைச் சுமத்துவது பொருந்தாது எனச் சிலர் கருதலாம். பத்து என்னும் எல்லை, ஷார்டுகளின் தோராயம், ஆவண அலகு ஆகியவை தரவுத்தளத்தின் இயல்புகள்; ஜேசனில் எழுதினாலும் அவை நீங்கா. இம்மறுப்பு ஒருபகுதி உண்மையே. மேற்கூறிய மூன்றனுள் முதல் மறைவு மட்டுமே சங்கிலிக்கு முற்றிலும் உரியது. பின்னிரண்டும் சங்கிலியால் ஆழப்படுத்தப்படுபவை. கண்ணிகளுக்குப் பெயர் மட்டும் தந்தாலே வினவல் இயங்கிவிடுவதால், எல்லையைக் குறிக்க வேண்டும் என்னும் எண்ணம் எழ இடமில்லாமற் போகிறது. படிக்க எளிதான தொடர், ஐயத்தை எழுப்பாத தொடராகவும் ஆகிவிடுகிறது.

மேலும், இந்நூலகமே விரிக்கும் வழியையும் தருகிறது. எந்தச் சங்கிலியையும் ஒரே கட்டளையால் பைத்தான் அகரமுதலி அமைப்பாக மாற்றி, ஜேசனுக்கு நிகராக அச்சிட்டுக் காணலாம். தொகைக்கு விரி கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. ஆகவே சங்கிலியைக் கைவிட வேண்டுவதில்லை. அதனை விரிக்காது விடுவதே குறை.

முடிவுரை

சங்கிலித் திரட்டல் வினவல் சுருக்கத்தாலும் அடுக்குத்தன்மையாலும் இலக்கியக் கணக்கீட்டிற்கு ஏற்ற கருவி. அதன் புள்ளி ஓரிடத்தில் உள்ளடங்கலையும் மற்றோரிடத்தில் உடனிருத்தலையும் குறிப்பதால், அது விரித்தற்குரிய தொகை. எண்ணிக்கையைச் சான்றாக வைக்கும் ஆய்வேடு நான்கு செய்திகளையேனும் உடன் தருதல் வேண்டும். வினவலின் விரிந்த வடிவம் பின்னிணைப்பில் இடம்பெற வேண்டும். ஓர் ஆவணம் என்பது பாடலா, அடியா, சொல்லா என்பதும், கடவுள் வாழ்த்தும் கிடைக்காத பாடல்களும் எவ்வாறு கொள்ளப்பட்டன என்பதும் கூறப்பட வேண்டும். பக்கெட்டின் எல்லை, விடுபட்டவற்றின் தொகை, ஷார்டுகளின் எண்ணிக்கை, தரவுத்தளத்தின் பதிப்பு ஆகியவை அட்டவணையின் அடியில் நிற்க வேண்டும். அதே சங்கிலி அகநானூற்றின் பதினைந்து எண்களைப் பிழையின்றித் தந்ததா என்பதும் காட்டப்பட வேண்டும்.

அச்சடைவைக் கொண்டு பணி செய்த தலைமுறை, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே பாடல் எண்ணை வைத்துச் சென்றது. ஐயுறுவோர் சென்று காணும் வழி திறந்தே இருந்தது. கருவி மாறியபின்னும் அவ்வழி அடைபடலாகாது. ஆய்வேட்டை மதிப்பிடும் புறத்தேர்வாளர் பைத்தான் அறியாதவராக இருக்கலாம். விரித்துக் காட்டிய வினவலையும் உரைகல்லில் உரைத்த விடையையும் அவர் முன் வைத்தால், அவர் தாமே பாடலைப் புரட்டி எண்ணிப் பார்க்கலாம்.